நாற்பத்தாறு கார்டுகள்

ஜெபா ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பைக் கல்லூரிக்குள் நடத்துவதில்லை. வேன் பிடித்து மாணவர்களை எங்காவது கூட்டிப் போவாள். கிளினிக்கில் டோக்கன் போடும் மேசை, கல்யாண மண்டபத்தின் முன்பதிவு அறை, மீன் லாரிக்குச் சீட்டு எழுதும் கொட்டகை. அங்கே அரை நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாது. அதில் தட்டுகிற ஆளைப் பார்க்க வேண்டும்.

முட்டுக்காட்டுக் காயலுக்கு எதிரே இருக்கும் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் அவள் தகவல் அமைப்புகள் பாடத்துக்கு இணைப் பேராசிரியர். ஒரு வருடம் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கடற்கரை விடுதியின் பதிவுகளை வைத்து மாணவர்கள் அழகான அறிக்கை ஒன்று தயாரித்தார்கள். விருந்தினரில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் திருமண நாள் கொண்டாட வருகிறார்கள். ஆகவே கேக், பூ, மெழுகுவர்த்தி. ஜெபா அவர்களை விடுதியின் வரவேற்பு மேசைக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த ஸ்வாதி என்ற பெண் சிரித்துவிட்டாள்.

"அதுவா மேடம், லிஸ்ட்ல மொதல்ல இருக்கறது ஆனிவர்சரி. அத அமுக்கினா அடுத்த பக்கம் போயிடும். பெட்டியத் தூக்கிக்கினு நிக்கறவங்கள எதுக்கு வந்தீங்கன்னு கேக்க முடியுமா? சில பேரு முழிப்பாங்க."

மாணவர்களும் சிரித்தார்கள். ஜெபா சிரிக்கவில்லை. "இவங்க தப்புப் பண்ணலை. இந்தப் பட்டியலைப் போட்ட ஆள் ஒரு நாள்கூட இந்த மேசைக்குப் பின்னாடி நிக்கலை" என்றாள்.

இந்தப் பழக்கம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பத்தொன்பது வயதில் செங்கல்பட்டில் ஒரு மாடியறையில் அவள் படிவங்களைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். யாரோ ஒப்பந்தக்காரர் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பு. தொழில் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் திரை நகராது. காலியாக இருந்தால் "கூலி" என்று போடு என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. ஒரு நாளைக்கு இருநூறு படிவம். கண் பார்க்கும், கை போடும், பெயர் மனத்தில் நிற்காது. சில மாதம் கழித்து அந்தக் கணக்கெடுப்பின்படி அச்சிட்ட ஓர் அட்டை வீட்டுக்கு வந்தது. அம்மா ஞானம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அவள் வயல் வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலராகி மூன்று வருடம் ஆகியிருந்தது.

"கவர்மெண்டு சம்பளம் வாங்கறேன், நான் இன்னும் கூலியாடி?" என்று கேட்டாள். யார் அதைத் தட்டியது என்று ஜெபா சொல்லவில்லை. அம்மா கடைசிவரை கேட்கவுமில்லை.

பிறகு மாலைக் கல்லூரியில் எம்.சி.ஏ., நாவலூரில் ஆறு வருடம் மென்பொருள் வேலை, அதை விட்டுவிட்டு முனைவர் பட்டம், முப்பத்தாறு வயதில் கல்லூரி. பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறாள். அவளிடம் படித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனாலும் முதல் வாரம் கீழே இறங்கிப் போய்க் கட்டங்களை நிரப்புகிறவர் பக்கத்தில் உட்காருகிறார்களாம். அப்படி உட்கார்ந்தால் இவர் ஜெபாவின் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

முழுப் பேராசிரியர் பதவிக்கு அவள் பெயர் போன வருடம் போனது. பாடம் நடத்துவதற்கு அதில் மதிப்பெண் குறைவு. நல்ல வெளிநாட்டு இதழில் ஒரு பெரிய கட்டுரை வேண்டும். அது அவளிடம் இருந்தது. சக ஆசிரியன் கிரிதரும் அவளும் சேர்ந்து எழுதியது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அருகிலுள்ள தொழில்நகரத்துக்கு ஒரு நிறுவனத்தின் பேருந்துகளில் போகும் பெண் தொழிலாளர்களைப் பற்றியது. ஏறும்போது பேருந்தில் உள்ள கருவியில் கார்டைக் காட்ட வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து முந்தின மாலையே ஒவ்வொருவர் கைபேசிக்கும் நாளைய பேருந்து பற்றிச் செய்தி போகத் தொடங்கியது. ஆலைக்குள் எடுக்கும் வருகைப் பதிவை நிறுவனம் தரவில்லை, பேருந்துப் பதிவைத் தந்தது. அதை வைத்துப் பார்த்தார்கள். ஜூனிலிருந்து விடுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு சிறு செய்தி செய்த வேலை என்று எழுதினார்கள். கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது.

அந்த ஆய்வுக்கு மட்டும் ஜெபா நேரில் போய் உட்காரவில்லை. போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது அவள் பிறந்த ஊர். அந்தப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தம்பி ஜான்சனின் வீடு. அவன் மகள் கவியாவே அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள். தெரியாததற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பதவிக்கான நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஜான்சன் புது வீட்டுக்கு ஜெபக்கூட்டம் வைத்தான். வியாழக்கிழமை காலை. கவியா இட்லி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேலை இல்லியா?" என்று ஜெபா கேட்டாள்.

"நான் லீவு அத்தே. என் கார்டு மட்டும் டூட்டிக்குப் போய்கீது."

"கார்டு எப்படிப் போகும்?"

"சந்திரம்மா பையில. கேண்டீன்ல வேலை செய்றாங்களே, அவங்கதான் மொதல்ல ஏறுவாங்க. லீவோ டூட்டியோ, எல்லாரு கார்டும் எப்பவும் அவங்ககிட்டதான் இருக்கணும். மொத்தத்தையும் ரப்பர் பேண்டு போட்டு வச்சுகினு அவங்களே அடிச்சுடுவாங்க. அது எங்க சட்டம்."

"எதுக்கு?"

"நாப்பது பேரு ஏறலன்னா ஸ்டாப்பத் தூக்கிடுவாங்களாம். டிரைவரு வரதன் அண்ணாத்த சொன்னாரு, போன வருஷத்துக்கு முந்தின ஜூன்ல. தூக்கிட்டா இருட்டுல மெயின் ரோட்டத் தாண்டி ரெண்டு கிலோமீட்டரு யாரு நடப்பா? கம்பெனி உள்ள கைரேகை வைக்கலன்னா சம்பளம் கட்டாவுது. அதுக்கு நாங்க இன்னா பண்றது, லீவுன்னா லீவுதான். ஸ்டாப்பு நிக்கணும்ல?"

"முந்தின நாள் போன்ல மெசேஜ் வருமே?"

"அதுவா? இங்கிலீஸ்ல வருது. நான் மியூட் பண்ணிட்டேன்."

ஜெபாவின் கை தட்டிலேயே நின்றது.

"இன்னா ப்ரொபசரே, இட்லி ஆறுது" என்றான் ஜான்சன்.

அன்று மதியம் கல்லூரி அறையில் அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். பேருந்து வாரியாகக் கூட்டிச் சராசரி எடுத்த பக்கங்களை மூடிவிட்டு, கூட்டாத வரிகளைப் பார்த்தாள். காலை ஐந்து நாற்பது, அந்த ஒரு நிறுத்தம். நாற்பத்தாறு கார்டுகள். இரண்டு நொடிக்கு ஒன்று. அடுத்த நாளும் நாற்பத்தாறு. அதே எண்கள், அதே வரிசை. அதற்கடுத்த நாளும். மனிதர்கள் தினமும் ஒரே வரிசையில் பேருந்து ஏறமாட்டார்கள். ரப்பர் பேண்டு போட்ட கட்டுதான் அப்படி ஏறும். மற்ற நிறுத்தங்களையும் பார்த்தாள். இன்னும் பதினோரு இடங்களில் அப்படித்தான். எல்லாம் ஜூனிலிருந்து. இரண்டு வருடமாக அது அவள் கணினியிலேயே இருந்தது.

கிரிதர் திருக்கழுக்குன்றத்துக்காரன். கோயில் உத்தியோகக் குடும்பம். வேலையில் சுத்தமானவன். அவள் காட்டியதைக் கடைசிவரை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஜெபா, பன்னெண்டு நாள் பொறுங்கோ. நான் மறைக்கச் சொல்லலை. இண்டர்வியூ முடிஞ்ச மறுநாள் ஜர்னலுக்கு எழுதிடலாம். நானே கையெழுத்துப் போடறேன்."

"மறுநாள் எழுதினா, முந்தின நாளே தெரியும்தானே?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"இந்தப் பதவி போனா மறுபடியும் எப்போ வரும்னு தெரியுமா உங்களுக்கு? நாலு வருஷம். பேப்பர்ல என் பேரும் இருக்கு."

"அதனாலதான் உங்ககிட்ட மொதல்ல காட்டினேன் கிரி."

அவன் எழுந்து போய்விட்டான். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்து, எழுதிவிட்டீர்களா என்று கேட்டான். கடிதம் மேசைமேல் இருந்தது. மூன்றே வரி. கார்டு ஏறியதை ஆள் ஏறியதாக எடுத்துக்கொண்டோம். பதிவு செய்யும் இடத்தை நேரில் பார்க்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். நிறுத்தங்களின் பெயர் எங்குமில்லை. கிரிதர் இரண்டு முறை படித்தான். "ஒரு 'மன்னிக்கவும்'கூட இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இந்தக் கட்டுரை போய்விட்டால் இதில் என்ன மிச்சம் இருக்கிறது, டாக்டர் ஜெபா?"

"பத்து வருஷப் பாடம் சார்."

"அதற்கு நான்கு மதிப்பெண்."

"தெரியும் சார்."

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் குறுக்கிட்டார். "யாரும் கேட்கவில்லை, யாரும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. ஏன் செய்தீர்கள்?"

தன் அம்மாவின் அட்டையைப் பற்றி அங்கே சொல்ல ஜெபாவுக்கு விருப்பமில்லை. "நான் இதைத்தான் பாடமா நடத்தறேன் சார்" என்றாள்.

பதவி வேறொருவருக்குப் போனது.

அடுத்த வாரம், கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, பேருந்துப் பதிவைத் தந்த நிறுவனத்தின் போக்குவரத்து மேலாளர் லட்சுமணன் போனில் கூப்பிட்டார். எந்தெந்த நிறுத்தங்கள் என்று சொன்னால் போதும், நடவடிக்கை எடுத்துவிடலாம் என்றார்.

"சொல்ல மாட்டேன் சார். நாப்பதுன்னு விதி வச்ச அன்னிக்கே உங்க பதிவு கெட்டுப்போச்சு. விதியை எடுங்க. எண்ணிக்கை தானா உண்மை பேசும்."

"மேடம், நாங்க உங்களுக்கு டேட்டா குடுத்து உதவி பண்ணோம்."

"அதனாலதான் இலவசமா யோசனை சொல்றேன்."

பதிவு அவரிடமே இருந்தது. பார்க்கத் தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. அவர் பார்க்கவில்லை. விதியையும் எடுக்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஜெபா அந்த நிறுத்தத்தில் நின்றாள். எழுதுவதற்குக் கட்டுரை எதுவும் கையில் இல்லை. பார்க்க வேண்டியதை இரண்டு வருடம் தாமதமாகப் பார்க்க வந்திருந்தாள். டீக்கடை விளக்கில் பெண்கள் கும்பலாக நின்றார்கள். கவியா, "எங்க அத்தே, காலேஜ்ல ப்ரொபசரு" என்று எல்லோருக்கும் சொன்னாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரதன் ஓட்டி வந்த பேருந்து நின்றது. முதலில் சந்திரம்மா ஏறினாள். தடித்த உடம்பு, தோளில் சாப்பாட்டுப் பை. அவளுக்குப் பின்னால் ஜெபா ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, எங்கள மாட்டி வுட வந்துகீறியா?" என்று சந்திரம்மா கேட்டாள்.

"இல்லக்கா. ஒரு தடவை நான்தான் மாட்டிக்கினேன்."

"வேலை போச்சா?"

"போகல. ஏற வேண்டியது ஏறல."

"அட, பேஜாரு" என்று சந்திரம்மா உச்சுக்கொட்டினாள். பிறகு பையைத் துழாவிக் கார்டுக் கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றி ஜெபாவின் கையில் கொடுத்தாள். "சும்மாதானே குந்திகினு கீற. இதைப் புடி. வளையல் மாதிரி கையில மாட்டிக்க, காணாப் போச்சுன்னா நாளைக்கு ஆவாது."

ஜெபா ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். சந்திரம்மா கார்டுகளை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு. பெண்கள் ஏறி, பேசிக்கொண்டே பின்னால் போனார்கள். ஜெபா தலைகளை எண்ணினாள்.

"எழுதறதுன்னா எழுதிக்க. பேரு மட்டும் போடாத" என்றாள் சந்திரம்மா, திரும்பிப் பார்க்காமல்.

"போட மாட்டேன்."

பேருந்து நகர்ந்தது. ஜெபா நோட்டைத் திறந்து முதல் வரியை எழுதினாள். ஐந்து நாற்பத்திரண்டு. கார்டு நாற்பத்தாறு. ஏறியவர் முப்பத்துமூன்று.