ஜன்சியா பூத்த வயல்

பள்ளத்தூர் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். நார்ப் பயிர்கள் பாடம் வந்தால் 'குரோட்டலேரியா ஜன்சியா' என்று கரும்பலகையில் எழுதுவேன். தமிழில் சணப்பு, கயிறு திரிக்க நார் தரும் செடி. ஜன்சியா லத்தீன் சொல். கோரையைப் போன்றது என்று பொருள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செடியை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. காரைக்குடியில் தச்சு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான். மரத்தையே பலகையாகத்தான் தெரியும். வருடா வருடம் யாராவது ஒரு மாணவி, "நீங்க பாத்திருக்கீகளா டீச்சர்?" என்று கேட்டுவிடுவாள். இல்லை என்று சொல்லும்போது மானம் போகும். ஏட்டுச் சுரைக்காய் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன புரட்டாசியில் ஒரு காலை, பள்ளிக்கு வரும் பஸ்ஸில் அபூர்வமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலையை ஒட்டிய வயலில் இடுப்புயரச் செடிகள், நுனியெல்லாம் மஞ்சள் பூ. புத்தகத்துப் படமேதான்! ஆனால் அதே வயலில் ஒரு டிராக்டர் செடிகளை மடக்கி உழுதுகொண்டிருந்தது. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது.

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். இறங்கி ஓடினேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. செருப்பாவது ஒன்றாவது, விட்டுவிட்டு ஓடினேன். வரப்பில் நின்ற வயல்காரம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பார் போல, "என்ன டீச்சர், எதைத் தொலைச்சீக?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நெல்லுக்கு உரமாகப் போட்டதாம். பூவெடுத்ததும் உழுதுவிட வேண்டுமாம். விட்டால் தண்டு நாரோடி, டிராக்டரின் கத்தியில் சுற்றிக்கொள்ளுமாம். நார் என்ற சொல் காதில் தேனாக விழுந்தது. டிராக்டர்க்காரருக்கோ அடுத்த வயல் காத்திருந்தது, நிறுத்த மாட்டேன் என்றுவிட்டார்.

"வண்டி திரும்புறதுக்குள்ள இங்குட்டு மூலையில புடுங்கிக்கங்க டீச்சர்," என்று வயல்காரம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். இருவரும் போட்டி போட்டுப் பிடுங்கினோம். ஒரு கட்டு தேறியது. வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தால் வயலில் ஒரு பூ இல்லை. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பஸ் வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வகுப்புக்குள் வெறுங்காலோடு நுழைந்தேன். கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஆளுக்கொரு தண்டைக் கொடுத்தேன். பட்டையை உரித்தால் பச்சை நார் நீளநீளமாக வந்தது. முறுக்கி, மடித்து, மறுபடி முறுக்கிக் கயிறாக்கி, இழுங்கடி என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து இழுத்தது. கயிறு அறுந்துபோகவில்லை. கூச்சல் கூரையைப் பிய்த்தது.

அதைக் கேட்டுத் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். எனக்கு முன் இதே பாடத்தைப் பல காலம் நடத்தியவர். தாமதமாக வந்ததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையிலிருந்து ஒரு தண்டை எடுத்து, பூவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஜன்சியாவா?" என்றார் மெதுவாக. "இதுதானா அது?"

நான் கயிற்றின் ஒரு நுனியை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார்.