பீலித் தண்ணீரும் கீழாநெல்லிச் சாறும்

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், மஞ்சள் காமாலை வீடு விட்டு வீடு தாவிக்கொண்டிருந்தது. சுகாதாரப் பரிசோதகன் நான். ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். மலையிலிருந்து குழாய் வழியே வந்து விழும் பீலித் தண்ணீரில் மேல் லயத்து மலக்குழி கசிகிறது என்று சோதனையில் தெரிந்துவிட்டது. கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டும் குடிக்காதீங்க என்று வாசல் வாசலாகக் கத்தினேன்.

"கொதிக்க வச்சுத்தான் சேர் குடிக்கிறோம்" என்றார்கள். சும்மா சொல்லவில்லை, எல்லா அடுப்பிலும் கேத்தல் கொதித்தது. அப்படியிருந்தும் புதுசு புதுசாகக் கண்கள் மஞ்சளித்தன. என்ன கண்றாவிடா இது என்று எனக்கே ஆத்திரம்.

என் பயமெல்லாம் கடைசி வீட்டு மருமகள் மேல். ஆறு மாதக் கர்ப்பம். இந்தக் காமாலையிலிருந்து பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மாமியாரிடம் அதைச் சொன்னேன்.

"அவள நான் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன் சேர்" என்றார்.

ஒருநாள் வெள்ளனவே போய்விட்டேன். அந்த அம்மா கீழாநெல்லியை அம்மியில் அரைத்து, பீலித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மருமகளிடம் நீட்டினார். எனக்கும் ஒரு டம்ளர்.

"வெறும் வயித்துல குடிங்க சேர், காமாலை அண்டாது. லயம் பூரா காலையில இதான்."

"தண்ணி கொதிக்க வச்சதாம்மா?"

"ஐயோ, மருந்துல யாராச்சும் கொதிச்ச தண்ணி ஊத்துவாங்களா? சத்தெல்லாம் போயிருமே!"

நோய் வராமலிருக்கக் குடித்ததுதான் நோயைக் கொடுத்திருக்கிறது. கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அதற்குள் மருமகள் டம்ளரைக் காலி செய்திருந்தாள்.

அன்றே எல்லா வீட்டிலும் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். புதிதாகக் காமாலை வருவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் அடுத்த மாதம் அந்த மருமகளின் கண் மஞ்சளித்தது.

பேராதனை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவள் பிழைத்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை. வார்டு வாசலில் மாமியார் ஒரு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மூடியைத் திறந்து காட்டினார். பச்சைச் சாறு.

"கொதிக்க வச்சு ஆறின தண்ணியிலதான் கரைச்சேன் சேர். இப்ப குடுக்கலாம்தானே?"

டொக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.