ஒரே சாவிக்குத் திறந்த கதவுகள்

எழுபதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். நாலு வீடுகளை ஒட்டிக் கட்டிய வரிசையில் மூன்றாவது வீடு எனக்கு. இரண்டாவது வீட்டில் தோட்டத்து மருத்துவச்சி தனியாக இருந்தார். அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீட்டிய கை தெரியாத பனி. தடவித் தடவிக் கதவைப் பிடித்து, பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பி, உள்ளே போய்க் குடையை மூலையில் சாத்தினேன். ஆணியில் ஒரு வெள்ளைச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் வெள்ளைச் சேலை கிடையாது. மேசையில் தையல் மெஷின் இருந்தது. அதற்கப்புறம்தான் அக்காவின் வீட்டுக்குள் நிற்கிறேன் என்று உறைத்தது.

குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து கதவைப் பூட்டினேன். அங்கிருந்து போயிருக்க வேண்டும். போக மனம் வரவில்லை. மறுபடி சாவியைப் போட்டேன், திறந்தது. பூட்டினேன், திறந்தேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தைவிட, இது எப்படித் திறக்கிறது என்ற யோசனைதான் பெரிதாக இருந்தது.

அக்கா பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க பூட்டாமப் போயிட்டீங்களோன்னு மொதல்ல நெனச்சேன் அக்கா.”

“பூட்டி இழுத்துப் பாத்துட்டுத்தானே போனேன்!” என்றார்.

அவருடைய சாவியை வாங்கி என் கதவில் போட்டேன். திறந்துகொண்டது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“டிஸ்பென்சரி அலமாரியிலயும் இதே மாதிரி பூட்டுத்தான் தொங்குது டீச்சர்.”

அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் அந்த அலமாரியிலிருந்து இரண்டு தடவை ஸ்பிரிட் போத்தல் காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே இரண்டு. ஒன்று மருந்து கொடுக்கும் ஐயாவிடம், மற்றது அங்கே கூட்டித் துடைத்த பெண்ணிடம். “நான் எடுக்கலங்க, சத்தியமா எடுக்கலங்க” என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளை அங்கிருந்து நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தில் பலர் அவளை வீட்டுக்குள் விடுவதில்லை.

மறுநாள் காலையில், ஐயா வருவதற்கு முன் அக்கா என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். என் வீட்டுச் சாவி அலமாரிப் பூட்டில் திரும்பவே இல்லை. இருவருக்கும் ஏமாற்றம்தான். கையிலிருந்த பள்ளிக்கூட அலமாரிச் சாவியையும் சும்மா போட்டுப் பார்த்தேன். பூட்டு டக்கென்று வாயைத் திறந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சின்னதாக ஓர் எண் அடித்திருந்தது. பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தால் அங்கே அலமாரிப் பூட்டிலும் அதே எண். எங்கள் இரண்டு வீட்டுப் பூட்டுகளில் வேறு எண், ஆனால் இரண்டிலும் ஒன்றே. தினமும் கையில் பிடிக்கிற பூட்டின் அடிப்பக்கத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை பண்டாரவளைக்கு பஸ் ஏறி, பூட்டு வாங்கிய கடைக்குப் போனேன். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். பெட்டியையே எடுத்து என் முன்னால் கவிழ்த்தார்.

“வெளிநாட்டுச் சாமான அரசாங்கம் நிறுத்துனதுலேர்ந்து இந்த ஒரு பூட்டுத்தான் டீச்சர் வருது. நம்பர் கொஞ்சந்தான். சுத்திச் சுத்தி அதேதான் வரும்.”

“இத ஏன் யாருக்கும் சொல்லல?”

“யாரும் கேக்கலியே! செல பேரு ஒரே நம்பரா தேடி வாங்கிட்டுப் போவாங்க, ரெண்டு கதவுக்கு ஒரு சாவி போதும்னு.”

அவர் மறைக்கவில்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம். “வெளிய சொன்னா நாளைக்கே எல்லாரும் சாவியத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலைவாங்க” என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? முதலில் ஐயாவிடம் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம்.

ஐயாவின் கண் முன்னாலேயே பள்ளிக்கூடச் சாவியால் அலமாரியைத் திறந்து காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

“அப்ப அந்தப் போத்தல நீங்ககூட எடுத்திருக்கலாமே?”

“ஆமாங்க ஐயா. அதத்தான் சொல்ல வந்தேன்.”

அவர் சாவியை என்னிடமிருந்து வாங்கி, தானே நாலைந்து முறை திறந்து பூட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். “தச்சாசாரிய வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே அலமாரிப் பலகைக்குள் பதித்த பழைய காலத்துப் பூட்டு ஒன்று வந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். எங்கள் வரிசையிலும் லயங்களிலும் நானும் அக்காவும் வீடு வீடாகப் போய்ப் பூட்டின் அடியில் இருக்கிற எண்ணைக் காட்டினோம். சிலர் பயந்தார்கள். சிலர், “எங்க வீட்ல எடுக்க என்ன இருக்கு டீச்சர்” என்று சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மாலையில் என் வீட்டுக்கு வந்தாள். என் சாவியைக் கொடுத்தேன். அக்காவின் கதவைத் திறந்தாள், பூட்டினாள், மறுபடி திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “இவ்வளவுதானா?” என்றாள்.

ஐயா அவளை மறுபடி வேலைக்கு வரச் சொல்லி அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை. போத்தல்களை எடுத்தது யார் என்பதும் கடைசிவரை தெரியவில்லை. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வேலைக்குப் போனாள். போன அன்று டிஸ்பென்சரி வாசலிலேயே நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாளாம்:

“கூட்டுறேன், தொடைக்கிறேன் ஐயா. சாவிய மட்டும் என் கையில குடுக்காதீங்க.”