கன்று குடித்த மிச்சம்

தொண்ணூறுகளில் உசிலம்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு மொபெட்டில் வருவார் ஒரு மாட்டு டாக்டர். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியே இருப்பார். எங்கள் பசு ஈன்ற அன்று அவர் வந்தபோது, நஞ்சுக்கொடி விழும்வரை பால் குடிக்கக் கூடாது என்று கன்றைத் தள்ளிக் கட்டியிருந்தேன்.

"அவுத்து விடுங்கண்ணே. பிறந்த கன்னுக் குடலு சல்லடை மாதிரி. அதை வளத்து, ஓட்டையை அடைக்கிற சத்து அம்புட்டும் இந்தச் சீம்பால்லதான் இருக்கு."

"கழிச்சல் வந்துராதா சார்? போன கன்னு அதுலதான் செத்துச்சு."

"அது சீம்பால் குடிச்சுச்சா?"

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

மறுநாள் வந்தவருக்கு என் மனைவி சீம்பாலைக் கட்டியாகக் காய்ச்சித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்க் கன்றின் வயிறு நிறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கித் தின்றார்.

இன்றும் யார் வீட்டில் சீம்பால் கொடுத்தாலும், என் கண் முதலில் கன்றைத்தான் தேடுகிறது.