மேடையில் விழுந்த வெள்ளைத் துண்டு

நான் பத்தாவது வரைதான் படித்தேன். 'த்ரோ இன் த டவல்' என்று தொலைக்காட்சியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். போட்டியில் இனி முடியாது என்று விலகிக்கொள்வதை அப்படிச் சொல்வார்கள் என்பதும் தெரியும். அது உண்மையிலேயே ஒரு துண்டு என்பது என் மகளின் முதல் குத்துச்சண்டைப் போட்டியன்றுதான் தெரிந்தது.

முதலியார்பேட்டையில் ஒரு மண்டபம். மகளுக்குப் பயிற்சி தருகிறவர் வைத்திக்குப்பத்துப் பெண், என்னைவிட இளையவர். மேடையின் மூலையில், தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நான் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்குங்க அது?"

"மூஞ்சி தொடைக்கத்தாங்க்கா. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் ஸ்பாஞ்சு வச்சிருந்தானாம். நம்மாளு இனிமே தாங்க மாட்டான்னு தெரிஞ்சா அதத் தூக்கிப் போட்டுடுவானாம். இனிமே தொடைக்க வேல இல்ல, சண்ட முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம். அப்புறந்தான் டவலு."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். "எங்கம்மாக்கு துண்டு போடறதுன்னா பஸ்ல சீட்டு புடிக்கறது மேடம்." பிறகு என்னிடம் திரும்பினாள். "பயந்துக்கினு நீ போடச் சொல்லிடாத, ஆமா!"

இரண்டாம் சுற்றில் அவள் மூக்கில் ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார்கள். அதன் பிறகு அவள் கைகள் முகம் வரை எழவே இல்லை. எதிரில் இருந்த பெண் விடாமல் குத்தினாள்.

"இன்னா தூங்கற? கையத் தூக்கு!" என்று யாரோ கத்தினார். மண்டபமே கத்தியது.

"போட்டுடுங்க," என்றேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள் நான். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

பயிற்சியாளர் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். துண்டு பறந்தது.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. நடுவர் ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். கூட்டம் அடங்கியது. ஒரு முழத் துணி, அவ்வளவுதான். அதைத் தாண்டி யாரும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. எந்த ஊரிலோ, யார் முகத்தையோ துடைத்துக்கொண்டிருந்த ஒருவன், போதும் என்று தொடங்கி வைத்த வழக்கம் கடல் கடந்து வந்து என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது.

மூக்கில் பஞ்சோடு மகள் இறங்கி வந்தாள்.

"நீதான சொன்ன?"

"ஆமா."

முறைத்தாள். பிறகு, கையுறைகளைக் கழற்றிவிடச் சொல்லி இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள்.