ஏழு பத்துக்கு நிரப்பிய ஊசி

எங்கள் ஆம்புலன்ஸ் நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். எதை எடுத்தாலும் அதில் நேரம் எழுதி ஒட்டுவாள். பதினோரு வருஷம் என் வண்டியில்தான் இருந்தாள். ஓடுகிற வண்டியில் மருந்துக் குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றுவது லேசான வேலை இல்லை. அதற்குள் ஆள் போய்விடும். அதனால் காலையில் வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவி, நாலு அவசர மருந்தை நாலு ஊசியில் நிரப்பி, மூடி போட்டு, பிளாஸ்திரியில் தேதியும் நேரமும் குறித்துத் தட்டில் அடுக்கிவிடுவாள். சாயங்காலம் மிச்சம் இருப்பதெல்லாம் குப்பைக்கு.

“தொடாத மருந்தைத் தினம் கொட்டுறியே, மனசு வருதா உனக்கு?” என்பேன்.

“நேத்து வச்சதை உங்களுக்கே போடட்டுமாண்ணே?” என்பாள். வாய் அதிகம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அன்று அவள் கையெழுத்துப் போட ஆபீசுக்குள் போயிருந்தாள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை தட்டில் இடித்து, ஓர் ஊசியின் மூடி கழன்று தரையில் உருண்டது. எடுத்துச் சட்டையில் துடைத்து மாட்டிவிட்டேன், கீழே விழுந்த பேனாவுக்கு மூடி போடுகிற மாதிரி. பிளாஸ்திரியில் ஏழு பத்து என்று இருந்தது. அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

பத்தரைக்கு ஒரு தையல்காரி. குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்துக் கிடந்தாள். கடிகாரம் அந்த ஏழு பத்தை எடுத்துத் தொடையில் குத்தினாள். மூச்சு திரும்பியது. புருஷன்காரன் கடிகாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நாலாம் நாள் குத்திய இடம் கறுத்துச் சீழ் வைத்தது. ஒன்பதாம் நாள் தையல்காரி செத்துப்போனாள்.

விசாரணையில் பெரிய டாக்டர் கேட்டார். “எத்தனை நாளைக்கு முன்னாடி நிரப்பின ஊசிம்மா அது?”

“அன்னிக்குக் காலையில சார்.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

ஆதாரம் பிளாஸ்திரிதான். அது ஊசியோடு அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

என் பக்கம் திரும்பினார். “உனக்கு ஏதாவது தெரியுமாப்பா?”

“நான் வண்டி ஓட்டுறவன் சார். ஊசியைப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

அவளுக்கு வேலை போயிற்று.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவுகிறாள் என்று அவள் அம்மா சொன்னார். பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டக்கூட அந்தக் கையை நீட்டுவதில்லையாம்.

“எங்க விட்டேன்னு மட்டும் தெரிஞ்சா போதும்ண்ணே,” என்றாள். “மூடி போட்டேன், நேரம் எழுதினேன், எல்லாம் ஞாபகம் இருக்கு. கை கழுவினேனா இல்லையாங்கிறதுதான் இப்ப சந்தேகமா இருக்கு.”

“கழுவினே. நான் பார்த்தேன்,” என்றேன்.

“அப்ப சரியா கழுவலை,” என்று எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நிற்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.