நான் போட்ட முடிச்சு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டும் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை என்று நம்பி வெளியூர்க்காரர்கள் பெண் கொடுத்த கதைகூட உண்டு. நான் அப்படி யாரையும் ஏமாற்றவில்லை. என் மனைவி இடைசெவல் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. நான் பண்டல் கட்டுகிறவன் என்று தெரிந்தேதான் கழுத்தை நீட்டினாள்.

அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நான் போட்ட முடிச்சு அவிழாது. லாரியில் எத்தனை ஊர் தாண்டிக் குலுங்கிக்கொண்டு போனாலும் என் பண்டல் பிரிந்துவிட்டதாக ஒரு புகார் வந்ததில்லை. வீட்டிலும் கொடிக்கயிறு, தொட்டில், சைக்கிள் கேரியர் எல்லாம் என் கைக்கட்டுதான். பக்கத்து வீட்டு அக்கா அரிசி மூட்டையின் வாயைக் கட்டுவதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். நானும் பெரிய மனுஷன் மாதிரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போவேன்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. காய்ச்சல் வந்துவிட்டால் போதும், கண் செருகி, கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கிவிடும். வளர வளரச் சரியாகிவிடும், காய்ச்சலை மட்டும் ஏற விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் ஓடுகிறவர்களுக்கு அந்த ஆறுதல் எந்த மூலைக்கு? அந்த ஐப்பசியில் ஒருநாள் ஆட்டோவில் போகும்போது பிள்ளை விறைத்துக்கொண்டது. என் மனைவி அவள் ஊர்க் காளியம்மனைச் சத்தம் போட்டே கூப்பிட்டாள்.

"தாயே, எம்புள்ளயத் திருப்பிக் குடுத்துரு. சித்திரைக் கொடைக்கு ஒனக்கு வெடைக்கோழி கொண்டாந்து விடுதேன்."

ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நேர்ச்சையை யாராவது லேசாக எடுத்துக்கொள்ள முடியுமா?

மறுவாரமே அவள் ஊருக்குப் போய், இன்னும் முட்டையிடத் தொடங்காத ஒரு செவலை வெடைக்கோழியைக் கொண்டுவந்தாள். கொண்டையிலிருந்து கால்நகம் வரை புரட்டிப் புரட்டிப் பார்த்து எடுத்ததாம். கொடைத் திருவிழாவில் சாமிக்குப் பலி விடுவதில் ஒரு சின்ன ஊனம்கூட இருக்கக் கூடாது. நேர்ந்துவிட்ட கோழிக்கு அடையாளமாகக் காலில் மஞ்சள் நூல் கட்டுவது அவர்கள் வழக்கம். தெரியாமல் யாரும் விற்றுவிடவோ அடித்துக் குழம்பு வைத்துவிடவோ கூடாதல்லவா? சாதாரணப் பருத்தி நூல்தான். இரண்டு மாதத்தில் தானாக இற்று விழுந்துவிடும். அதற்குள் அது சாமிக்கோழி என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அவள் மஞ்சளில் நனைத்த நூலை என்னிடம் நீட்டினாள். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்னத்துக்கு ஆகும்? ரெண்டு மழைக்குக் கரிசச் சேத்துல கெடந்தா நஞ்சு போயிரும். ஏங்கிட்ட வேலையக் குடுத்துட்டேல்ல, சும்மா இரு" என்றேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து பண்டல் கட்டும் நைலான் நூலில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். அதில் மஞ்சள் ஒட்டவே இல்லை. எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக நிறம் ஏற்றினேன். கோழியை அவள் மடியில் வைத்துக்கொள்ள, பென்சில் தடிமனே இருந்த அந்தக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, என் முடிச்சைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. எனக்குத் திருப்தி.

"சித்திரை என்ன, அடுத்த சித்திரைக்கும் அறாது" என்று சொன்னதுகூட ஞாபகமிருக்கிறது.

அந்த வருஷம் நல்ல மழை. கரிசலில் மழை பெய்தால் தெரியுமே, செருப்பைத் தூக்கினால் பாதித் தெருவும் கூட வரும். கோழியின் கால் எந்நேரமும் கறுப்புக் காலுறை போட்ட மாதிரி சேறு அப்பியே இருக்கும். மகள் தட்டில் சாப்பிட்டதைவிட அதற்குப் போட்டதுதான் அதிகம். 'சாமிக்கோழி, சாமிக்கோழி' என்று அதன் பின்னாலேயே திரிவாள். நடுவில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. இழுப்பு வரவில்லை. என் மனைவி கோழியைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோழி நன்றாக இருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் மனதில் பதிந்துபோனது. சொல்லப்போனால் என் மனதிலும்தான்.

தை பிறந்த சமயத்தில் கோழி தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கியது. எந்தக் களவாணியோ கல்லெறிந்திருக்கிறான் என்று என் மனைவி தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து காலைத் தூக்கிப் பார்த்தார்.

"முள்ளாத்தான் இருக்கும் தம்பி. சீமைக்கருவ முள்ளு, உள்ள போயிட்டா வெளிய தெரியாது."

ஊக்கை எடுத்து அடிப்பாதத்தைக் கிளறினோம். கோழி கத்திய கத்தலில் மகள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள். முள் ஒன்றும் இல்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பித் துணியைச் சுற்றிக் கட்டினோம். கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீக்கம் வடியவில்லை. எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தோம். அதற்கும் அடங்காமல் கால் கத்தரிக்காய் மாதிரி உப்பி, செதில்களுக்கு நடுவே நீர் கசிந்தது.

ஒருநாள் கட்டு மாற்றும்போது என் மனைவி, "ஏங்க, நூலக் காணோமே?" என்றாள்.

"அறுந்து விழுந்திருக்கும். எத்தன நாளைக்குக் கெடக்கும்?" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டியது அறுந்து விழுமா? இவர்களுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு கோபம்கூட வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் என் வீம்பு என்னைக் கெடுத்திருக்கிறது. அன்று ஒருநாள் மட்டும், அறுந்திருக்காது என்று நான் வீம்பாக நின்று தேடியிருந்தால், அந்தக் கால் தப்பித்திருக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டது. புதுத்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கோழி இரை எடுப்பதைக் குறைத்ததும் வயர் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆடும் மாடும் நின்ற வரிசையில் நான் ஒருவன் கூடையோடு. டாக்டர் நல்ல மனிதர். கட்டை அவிழ்த்துக் காட்டுங்கள் என்றார்.

"இப்பத்தான் சார் மருந்து வச்சுக் கட்டுனோம். அவுத்தா துள்ளுது, பாக்கப் பாவமா இருக்கு" என்றேன்.

"சரி, இந்தப் பொடியத் தண்ணியில கலந்து குடுங்க. நாளைக்கி வீக்கம் வத்தலன்னா அவுத்துட்டுக் கொண்டாங்க."

மறுநாள் அது கம்பைக் கொஞ்சம் கொத்தித் தின்றது. தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு நான் போகவில்லை. இரக்கப்பட்டுத்தான் எல்லாவற்றையும் செய்தேன். நாங்கள் சுற்றிய துணியே வியாதியை மூடி வைத்திருந்தது.

மாசியில் ஆபீஸுக்கு ஒரு லோடு திரும்பி வந்தது. வழியில் தார்ப்பாய் கிழிந்து, நல்ல மழையில் நனைந்துவிட்டதாம். நனைந்ததைப் பிரித்துத் தேறினதை ஒதுக்கச் சொன்னார்கள். பண்டல் எல்லாம் என் கையால் கட்டியவை. தண்ணீரில் அட்டை ஊதிப்போய், ஒவ்வொன்றும் வயிறு புடைத்துக் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். கட்டிய நூலைக் காணவில்லை. கூட வேலை செய்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கட்டாமலே அனுப்பிட்டீங்களா?" என்று கேலி செய்தார். விரலை வைத்து அழுத்தினேன். ஊதிய அட்டைக்கு உள்ளே, ஆழத்தில், நூல் என் முடிச்சோடு அப்படியே இருந்தது.

கோழியின் வீங்கிய கால் கண்முன்னே வந்தது. பிளேடைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மேஸ்திரியிடம் என்ன சொன்னேன் என்றே தெரியாமல் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் என் மனைவி பயந்துபோனாள். வெந்நீர் வைக்கச் சொன்னேன். கட்டை அவிழ்த்து, மஞ்சளும் எண்ணெயும் சீழும் போகக் கழுவினேன். வீங்கிய காலின் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. அதை நாங்கள் இத்தனை நாளும் வீக்கத்தின் மடிப்பு என்றே நினைத்திருந்தோம். பள்ளத்தை விரித்தேன். உள்ளே மஞ்சள் நிறம் போகாமல் நைலான் நூல். முடிச்சு கொஞ்சமும் இளகவில்லை. பிளேடு நுனியை மெல்ல விட்டு அறுத்தேன். கோழி கத்தவில்லை. துள்ளவும் இல்லை. நூலுக்குக் கீழே கால் கறுத்துச் செத்துப்போயிருந்தது.

என் மனைவி அந்த நூலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆத்தாளுக்குக் குடுத்திருந்தா ஒரே வெட்டுல போயிருக்கும்ங்க. நாம தெனமும் கொஞ்சங்கொஞ்சமா அறுத்துருக்கோமே."

'நீங்க' என்று சொல்லவில்லை. 'நாம' என்றாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

கோழி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பாதம் காய்ந்து ஒருநாள் தானாகவே கழன்று விழுந்துவிட்டது. சித்திரைக் கொடைக்கு முன்னால் பூசாரியிடம் கேட்டோம். ஊனப்பட்டது ஆகாது, வேறு கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு வெடைக்கோழி வாங்கினோம். அதற்கு என் மனைவி நூலே கட்டவில்லை. தலையில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்ததோடு சரி. நானும் அதைத் தொடவில்லை. அந்த ஆடியில் மகளுக்குக் காய்ச்சல் வந்து மறுபடி ஒருமுறை இழுத்தது. ஆட்டோவில் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் கடைசி இழுப்பு. டாக்டர் சொன்னபடியே வளர வளர நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பார்வை எனக்கு நிற்கவில்லை.

அம்மனுக்கென்று பேர் சொல்லிவிட்டதால் அந்தச் செவலையை விற்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது. எங்கள் வீட்டிலேயே இருந்தது. சிமெண்ட் தரையில் அது மொட்டைக்காலை ஊன்றி ஊன்றி நடக்கும் சத்தம் அடுப்படிவரை கேட்கும். முட்டையிட்டது. ஒருமுறை குஞ்சுகூடப் பொரித்தது. அடைகாக்க ஏறி உட்காரும்போது சமாளிக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து, முட்டையில் ஒன்றிரண்டு உடைந்துபோகும். அப்போது நான் வெளியே எழுந்து போய்விடுவேன்.

அது என்னைக் கண்டு ஒருநாளாவது மிரண்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். மாலையில் என் சைக்கிள் மணி கேட்டால் போதும், தெருமுனைவரை தத்தித் தத்தி ஓடிவரும். ஆபீஸிலிருந்து வரும்போது டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த சோற்றை அதற்குப் போடுவது என் வழக்கமாகிவிட்டிருந்தது. என் கையிலேயே கொத்தித் தின்னும். ஒற்றைக்காலில் நின்றபடி தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்க்கும். அந்த நூலைக் கட்டிய கை எதுவென்று அதற்கு எப்படித் தெரியும்?

சில வருஷங்கள் இருந்து, வயதாகித்தான் செத்தது. வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். மகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளையாகிவிட்டாள். கோழிக்கு ஏன் கால் இல்லை என்று அவள் சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், அடிபட்டுவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தோம். அப்படிச் சொல்லச் சொன்னவள் என் மனைவிதான்.

அதற்குப் பிறகு முருங்கைக் கன்றுக்குக் கொம்பு நட்டுக் கட்டினாலும், கன்றுக்குட்டிக்குக் கழுத்துக்கயிறு போட்டாலும், என் விரல் தானாகவே கயிற்றுக்குள் நுழைந்து இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. வளருகிற ஒன்றின்மேல் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடக் கூடாது என்பதைப் படிக்க, என்னை நம்பித் தெருமுனைவரை ஓடிவந்த ஒரு ஜீவன் தன் காலைக் கொடுக்க வேண்டியிருந்ததே என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.